லிங்க்ஸ் கோல்ப் திடல் திரையில் பொய்யாகத் தெரிந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் சனிக்கிழமை மாலைதோறும் நான்கைந்து பேர் மடிக்கணினிகளோடு கூடுகிறோம். அனைவரும் கணினி விளையாட்டுகளுக்குக் கோல்ப் திடல் வடிவமைப்பவர்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்துக் கடற்கரைகளின் மணல் நிலத்தில் அமைந்த லிங்க்ஸ் வகைத் திடலை உள்ளது உள்ளபடி திரையில் எழுப்ப வேண்டும் என்பது பெரும்பாலோரின் ஆசை. அவர்கள் கொண்டுவரும் குறையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது: "அண்ணே, எல்லாம் வைத்துவிட்டேன், ஆனாலும் லிங்க்ஸ் போலத் தெரியவில்லை."

அதே பிழைகளைத் திரும்பத் திரும்பத் தீர்க்க நேர்ந்ததால், அவற்றை அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் நேரமும் பணமும் செலவாகாத காரணம் முதலிலும், மிகுதியாகச் செலவு வைக்கும் காரணம் இறுதியிலும் வரும். அறிகுறிகளையும் மேலிருந்து கீழாகவே சரிபார்த்து வாருங்கள். தரையின் அளவு முதலில், தரையின் வடிவம் அடுத்து, பந்தின் ஓட்டமும் காற்றும் அதன் பிறகு, நிறமும் புல்லும் கடைசியில் என்பதே அந்த வரிசை. என் மேசைக்கு வந்த திடல்களில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாக்கி, மாதக்கணக்கில் புல்லை மாற்றிக்கொண்டிருந்தவை. உண்மையான பிழை அவற்றின் தரையில் இருந்தது.

யூனிட்டி என்னும் விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் திடல் கட்டுபவர்களுக்கு, குறிப்பாக ஜிஎஸ்புரோ போன்ற கோல்ப் சிமுலேட்டர்களுக்காகச் செய்பவர்களுக்கு, எல்லாப் பகுதிகளும் பொருந்தும். பிஜிஏ டூர் 2கே போன்ற விளையாட்டுகளின் உள்ளேயே தூரிகையால் தரையை உயர்த்தித் தாழ்த்துபவர்கள் முதல் இரண்டு அறிகுறிகளைத் தாண்டி மூன்றாவதிலிருந்து தொடங்கலாம்.

அறிகுறி 1: குழிகள் அளவுக்கு மீறி நீளமாக இருக்கின்றன, அல்லது திடல் கிழக்கு மேற்காக இழுபட்டிருக்கிறது

இது எங்கள் பக்கத்து வடிவமைப்பாளர்களை ஏமாற்றுவதற்கென்றே வந்த பிழை. (குழி என்று இங்கே சொல்வது, டீ என்னும் தொடக்க இடத்திலிருந்து கொடி நிற்கும் கிரீன் வரையிலான ஆட்டப் பாதை முழுவதையும்.) விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளந்த லைடார் உயரத் தரவைப் பதிவிறக்கி, அதை அட்சரேகை தீர்க்கரேகைப் பாகைகளிலேயே விட்டுவிட்டால், பினாங்கில் எந்தக் கேடும் கண்ணுக்குத் தெரியாது. நாம் பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை அருகில் வாழ்வதால், இங்கே ஒரு பாகையின் கிழக்கு மேற்குத் தூரமும் வடக்கு தெற்குத் தூரமும் ஏறத்தாழச் சமம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் 56 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே வடக்கு தெற்காக ஒரு பாகை 111 கிலோமீட்டர் என்றால், கிழக்கு மேற்காக அது 62 கிலோமீட்டர்தான். இரண்டையும் சமமென்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும்போது திடல் அகலவாக்கில் 1.8 மடங்கு இழுபடுகிறது. உள்ளூர்த் திடலை முதலில் செய்து பழகிய ஒரு தம்பி, தன் முறை சரியென்று உறுதியாக நம்பி, இரண்டு வாரம் வேறெங்கோ பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்.

*திடல் ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருந்தால்:* தரவு பாகையில் இருக்கிறது. கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் அதைப் பிரிட்டிஷ் தேசியக் கட்டத்துக்கு, அதாவது இபிஎஸ்ஜி 27700 என்னும் குறியீட்டுக்கு, மாற்றி மீட்டர் கணக்கில் மறுபடியும் வெளியிடுங்கள். அயர்லாந்துத் திடலென்றால் அந்த நாட்டின் கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

*வடிவம் சரியாக இருந்து எல்லாத் திசையிலும் பெரிதாகியிருந்தால்:* இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையில் தரவு இருக்கிறது. அங்கும் பெருக்கம் அதே 1.8 மடங்குதான். 400 யார் நீளமுள்ள குழி 720 யாராகிவிடும். தீர்வும் மேலே சொன்னதே.

சரிபார்க்க ஒரே வழி, நீளம் ஐயமின்றித் தெரிந்த ஒரு சாலையையோ கட்டடத்தையோ திரையில் அளந்து பார்ப்பதுதான். டீயிலிருந்து கிரீன் வரை அளக்க வேண்டாம். டீ இடம் போட்டிக்குப் போட்டி மாறும்.

அறிகுறி 2: தரை படிக்கட்டாக, முள்ளாக, அல்லது மலையாக வந்திருக்கிறது

*படிகள் சரியாக ஒரு மீட்டர் உயரமாக இருந்தால்:* மீட்டரில் உள்ள உயரத்தை விரிவாக்காமல் அப்படியே முழு எண்ணாக வெளியிட்டிருக்கிறீர்கள். 3.42 மீட்டரும் 3.10 மீட்டரும் 3 என்றே பதிவாகியிருக்கும். திடலின் மிகத் தாழ்ந்த உயரம் 0 ஆகவும் மிக உயர்ந்தது 65,535 ஆகவும் வருமாறு விரிவாக்கி, 16-பிட் கோப்பாக மறுபடியும் வெளியிட வேண்டும்.

*படிகள் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருந்தால்:* வழியில் எங்கோ 8-பிட் படமாக மாறிவிட்டது. 8-பிட் படத்தில் 256 உயரங்கள் மட்டுமே உண்டு. 30 மீட்டர் ஏற்ற இறக்கமுள்ள நிலத்தை 256 ஆகப் பங்கிட்டால் ஒரு படிக்கு 12 சென்டிமீட்டர் விழும். 16-பிட்டில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. படத்திருத்தும் மென்பொருளில் திறந்து சேமித்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். படிகளை யூனிட்டியின் சமப்படுத்தும் தூரிகையால் தேய்த்து மறைக்காதீர்கள். லிங்க்ஸ் நிலத்தின் உயிரான சிறு நெளிவுகளும் அந்தப் படிகளின் உயரத்தில்தான் இருக்கின்றன. படியைத் தேய்க்கும் கை அவற்றையும் தேய்த்துவிடும். மூலத் தரவுக்குத் திரும்புவது அலுப்பான வேலைதான், ஆனாலும் வேறு வழி இல்லை.

*தரை முழுவதும் முள்ளாகக் குத்தி நின்றால்:* உயரங்கள் வெறும் எண்களாக அடுக்கப்பட்ட ரா கோப்பை உள்ளே கொண்டுவரும்போது பைட் வரிசையை மாற்றித் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். விண்டோஸ், மேக் என்ற இரண்டில் மற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

*தரை மூலைவிட்டமாகச் சரிந்து கோடுகோடாக இருந்தால்:* அகலம் பொருந்தவில்லை. யூனிட்டிக்குத் தரும் உயரப்படத்தின், அதாவது புள்ளிக்கு ஓர் உயரம் பதிந்த படத்தின், ஒரு பக்கத்தில் 1025, 2049, 4097 போன்ற எண்ணிக்கையில் புள்ளிகள் வேண்டும். நீங்கள் 2048 கொடுத்திருப்பீர்கள்.

*மணல்மேடு மலையாக நின்றால்:* யூனிட்டியில் டெரெய்ன் எனப்படும் நிலப்பரப்பின் உயரம் தொடக்கத்தில் 600 மீட்டர் என்று இருக்கும். உங்கள் நிலத்தின் உண்மையான ஏற்ற இறக்கத்தை அங்கே நிரப்புங்கள்.

*எங்கோ ஓர் அதலபாதாளம் இருந்து, மற்ற நிலமெல்லாம் தட்டையாகியிருந்தால்:* கடலில் அளவு இல்லாத இடங்கள் பல தரவுகளில் -9999 என்று குறிக்கப்பட்டிருக்கும். அதையும் உண்மையான உயரமாக மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த மதிப்பை 0 ஆக்கிய பிறகு வெளியிடுங்கள்.

*கடல் தவறான பக்கத்தில் இருந்தால்:* படம் மேல்கீழாகத் திரும்பியிருக்கிறது. ஒரு சொடுக்கில் தீரும். ஆனால் பங்கர் எனப்படும் மணற்பள்ளங்களை வைத்த பிறகு கண்டுபிடித்தால் அழுகை வரும். எனவே தரை வந்ததும் முதலில் கடலைப் பாருங்கள்.

*புதர் இருக்க வேண்டிய இடமெல்லாம் புல் போர்த்திய கட்டிகளாக வீங்கியிருந்தால்:* தரையின் உயரத்துக்குப் பதிலாக, மரம், புதர், கூரை ஆகியவற்றின் மேற்பரப்பு உயரத்தைப் பதிவிறக்கியிருக்கிறீர்கள். வெறுந்தரை உயரத் தரவு தனியாகக் கிடைக்கும்.

இவை அனைத்தையும் பார்த்த பிறகும் இரண்டு தரவுத் துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு சுவர் எழுந்து நின்றால், அவை வெவ்வேறு ஆண்டுகளில் அளக்கப்பட்டிருக்கலாம். கடற்கரை மணல் நகரக்கூடியது. அந்தத் தையலை முறையாக இணைப்பது நில அளவையோ புவித்தகவலியலோ படித்தவரின் வேலை. இங்கே நின்று அவரிடம் கேளுங்கள்.

அறிகுறி 3: மேடு பள்ளம் தரவில் இருக்கிறது, திரையில் தெரியவில்லை

*முதலில் சூரியனைப் பாருங்கள்.* நம் கண் உச்சிவெயிலுக்குப் பழகியது. பினாங்கில் ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 61 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆண்டிலேயே மிக உயர்ந்த நண்பகல், ஜூன் 21-ஆம் நாள், 57 பாகைதான். அதாவது அவர்களின் மிக உயர்ந்த சூரியனும் நம்முடைய மிகத் தாழ்ந்த நண்பகல் சூரியனைவிடத் தாழ்ந்தே நிற்கிறது. ஒளியை 75 பாகையில் வைத்துவிட்டு மேடுகள் தெரியவில்லை என்று தேடுவதில் பயனில்லை. தலைக்கு மேல் நிற்கும் ஒளி எந்தப் பள்ளத்துக்கும் நிழல் தராது. சூரியனைத் தெற்கு வானில் வைத்து, காலை அல்லது மாலை ஆட்டமாக 20 முதல் 30 பாகைக்கு இறக்கிப் பாருங்கள். ஒன்றுமே இல்லை என்று நினைத்த ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையே புல் வெட்டிய பரப்பு) முழுவதும் நெளிந்து கிடப்பது தெரியும். என் அறையில் நடந்த திருத்தங்களிலேயே செலவு மிகக் குறைந்ததும் மகிழ்ச்சி மிக அதிகமானதும் இதுதான்.

*ஒளி சரியாக இருந்தும் தட்டையாகத் தெரிந்தால்,* கேமராவின் உயரத்தைப் பாருங்கள். ஆட்டக்காரரின் கண் 1.6 மீட்டர் அளவில் இருக்க, நீங்கள் பறவையின் கண்ணில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

*அதுவும் சரியென்றால்,* புள்ளி இடைவெளி போதவில்லை. 2 கிலோமீட்டர் அகல நிலத்துக்கு 513 அளவுள்ள உயரப்படத்தைக் கொடுத்தால் 4 மீட்டருக்கு ஒரு புள்ளி வரும்; 2049 கொடுத்தால் ஏறத்தாழ 1 மீட்டருக்கு ஒன்று. லிங்க்ஸ் ஃபேர்வேயின் நெளிவுகள் சில மீட்டர் அகலமே கொண்டவை என்பதால் 4 மீட்டர் இடைவெளியில் அவை நழுவிப் போய்விடும்.

அறிகுறி 4: மணல்மேடுகள் இட்லி அடுக்கியதுபோல் இருக்கின்றன

தரவின்றித் தூரிகையால் செய்யப்படும் கற்பனைத் திடல்களில் இது வராமல் போவதில்லை. இதைப் பற்றி மற்றவற்றைவிட நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் லிங்க்ஸ் என்பது அடிப்படையில் இந்த மேடுகளின் கதை. அலையும் காற்றும் கொண்டுவந்து குவித்த மணலுக்குச் சங்கப் பாடல்களில் எக்கர் என்று பெயர் உண்டு. குவித்தவர் யார் என்பதைக் கூடவே சொல்லும் அந்தச் சொல்லை வடிவமைப்பாளர் மறக்கக் கூடாது. உங்கள் மேட்டைக் குவித்த காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற கேள்விக்குத் திடலைப் பார்த்தே விடை சொல்ல முடியவில்லையென்றால், மேடு பொய்.

*எல்லா மேடும் வட்டமாக இருந்தால்:* வட்டத் தூரிகையை ஒரே இடத்தில் அழுத்தியிருக்கிறீர்கள். மேட்டைத் தனித்தனிக் குவியலாக வைப்பதை விட்டு, கரையை ஒட்டி நீளும் தொடராக இழுங்கள். கரைக்கு மிகச் சரியான இணைகோடாகவும் அது இருக்க வேண்டாம். தொடருக்கும் தொடருக்கும் இடையே நீண்ட தாழ்நிலம் வேண்டும். ஃபேர்வே இயல்பாக ஓடுவது அதன் வழியாகத்தான். இந்த மேடு தாழ்வு வரிசையைக் கண்ணால் பார்க்க ஸ்காட்லாந்து வரை போக வேண்டியதில்லை. கிளந்தான், திரங்கானு, பகாங் கடலோரத்தில் பிரிஸ் என்று மண்ணியலார் அழைக்கும் மணல் நிலம், கரையை ஒட்டி ஒரு வரிசை மேடும் அடுத்து ஒரு வரிசைத் தாழ்வுமாகவே கிடக்கிறது. மேட்டின் உயரமும் புல்லும் வேறு என்றாலும், மணலைக் கடல் எப்படி அடுக்குகிறது என்பதைக் கற்றுக்கொள்ள அது போதும். விடுமுறைக்குக் கோல திரங்கானு போகிறவர்கள் அரை நாளை அதற்கு ஒதுக்கலாம்.

*தொடராக இழுத்தும் செயற்கையாகத் தெரிந்தால்:* இரண்டு பக்கச் சரிவும் ஒன்றாக இருக்கிறது. காற்று வரும் பக்கம் சாய்வாகவும், காற்று மறையும் பக்கம் செங்குத்தாகவும் இருக்கட்டும். காய்ந்த மணல் தானாக நிற்கக்கூடிய சரிவு ஏறத்தாழ 33 பாகை. தளர்ந்த மணல் தெரியும் இடத்தில் அதற்கு மேல் போகாதீர்கள். புல் வேர் பிடித்திருக்கும் இடமும் கடல் அரித்த முகமும் இதற்கு விலக்கு. அவை இன்னும் செங்குத்தாக நிற்கலாம்.

*சரிவும் சரியாக இருந்து உயிரில்லாமல் இருந்தால்:* தொடர் எங்கும் உடையவில்லை. புல் அழிந்த இடத்தில் காற்று மேட்டைக் குடைந்து, மணலை உள்நாட்டுப் பக்கமாக வாரிக்கொண்டு போயிருக்கும். அப்படிப்பட்ட திறப்புகள் இரண்டு மூன்றை, காற்றின் திசையிலேயே, தொடரில் வெட்டுங்கள். எல்லாத் திறப்பும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். இந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான திடல்கள் மூச்சுவிடத் தொடங்கிவிடுகின்றன.

மேட்டின் உயரத்தையும் எந்தக் கடற்கரை என்று முடிவு செய்த பிறகே தீர்மானியுங்கள். அயர்லாந்தின் பாலிபுனியனிலும் வட அயர்லாந்தின் ராயல் கவுண்டி டவுனிலும் ஆளை மறைக்கும் பெரிய மேடுகள் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்ட் கோர்ஸ் எனப்படும் பழைய திடல் அப்படிப்பட்டதன்று. அங்கே நிலம் தாழ்வாக, கசங்கிய போர்வை போல இருக்கும். இரண்டையும் ஒரே திடலில் கலந்து வைத்துவிட்டு எங்கே பிழை என்று தேடியவர்கள் இருக்கிறார்கள்.

அறிகுறி 5: பங்கரின் சுவர் உருகி வழிந்ததுபோல் இருக்கிறது, அல்லது பங்கர் அலங்காரப் பொருளாகத் தெரிகிறது

*சுவரில் புல் டெக்ஸ்சர், அதாவது மேலே போர்த்தும் புல் படம், இழுபட்டிருந்தால்:* இது தூரிகையால் தீராது. உயரப்படத்தில் ஒரு புள்ளிக்கு ஓர் உயரம்தான் உண்டு. ஒரு மீட்டர் இடைவெளியுள்ள படத்தில் ஒன்றரை மீட்டர் சுவரை எழுப்பினால், அது 56 பாகைச் சரிவாகவே வரும், செங்குத்தாக நிற்காது. புல்கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் லிங்க்ஸ் பங்கரின் சுவரை, பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் தனி மெஷ்ஷாக, அதாவது தனி உருவமாக, செய்து பொருத்துவதே வழி. ஒரு நல்ல சுவரைச் செய்து, வளைத்தும் சுருக்கியும் பல இடங்களில் பயன்படுத்தலாம். பிளெண்டர் தெரியாதவர்கள் இந்தக் கட்டத்தில் முப்பரிமாண உருவாக்கம் தெரிந்த ஒருவரிடம் அந்த ஒரு சுவரை மட்டும் செய்துதரச் சொல்லுங்கள். பழைய திடலில் மட்டும் 112 பங்கர்கள் இருக்கின்றன. அத்தனையையும் தனித்தனியாகச் செய்யத் தொடங்கினால் திடல் முடியாது.

*சுவர் நன்றாக இருந்தும் பங்கர் ஒட்டாமல் நின்றால்:* இடம் தவறு. நாம் பார்த்து வளர்ந்த உல்லாசத் திடல்களில், டீயிலிருந்து அழகாகத் தெரிவதற்காக பங்கரை மேட்டின் முகத்தில் விரித்து வைப்பார்கள். லிங்க்ஸ் நிலத்தில் அது தாழ்வில், பந்து தானாக வந்து சேரும் இடத்தில் இருக்கும். பல சமயம் கண்ணுக்கே தெரியாது. பங்கர்களை எல்லாம் நீக்கிவிட்டு, ஃபேர்வேயின் மேல் இருபது பந்துகளை வெவ்வேறு இடங்களிலிருந்து உருட்டுங்கள். அவை கூடும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே சிறிய, ஆழமான பங்கரை வையுங்கள். சுற்றியுள்ள தரை அதற்குள் சரியட்டும். செபராங் பிறையில் ஒரு திடலில் பல்லாண்டு புல் பராமரித்த என் மாமா, நான் வடிவமைத்ததைத் திரையில் பார்த்துவிட்டு, "மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும், அதைச் சொல்லு முதலில்" என்றார். மணல் நிலம் தண்ணீரைக் குடித்துவிடும், ஆனால் பந்தைக் குடிக்காது; அவர் கேட்ட கேள்வியைப் பந்துக்கு மாற்றிக் கேட்டுக்கொண்ட நாளிலிருந்து என் பங்கர்கள் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டன.

அறிகுறி 6: பந்தின் ஓட்டம் சரியில்லை

*பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டால்:* விளையாட்டின் அமைப்பில் ஃபேர்வேயின் கடினத்தன்மை நம் ஊர் மண்ணைப்போல ஈரமாக வைக்கப்பட்டிருக்கிறது. மலேசியத் திடல்களில் அகன்ற இலையுள்ள பசும்புல்லும் பிற்பகல் மழையும் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லிங்க்ஸ் தரை அடியில் மணல், மேலே மெல்லிய ஃபெஸ்க்யூ, பென்ட் புற்கள். கோடையில் காய்ந்தால் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். 2006-இல் ராயல் லிவர்பூல் திடலில் நடந்த பிரிட்டனின் ஓப்பன் போட்டியில் தரை அவ்வளவு காய்ந்திருந்ததால், டைகர் வூட்ஸ் நான்கு சுற்றிலும் சேர்த்து, மிக நீண்ட தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை ஒரே ஒரு முறைதான் எடுத்தார். அந்தப் போட்டியில் வென்றவரும் அவரே. உங்கள் திடலில் ஒவ்வொரு குழியிலும் டிரைவரை எடுப்பதே நல்லதென்று ஆகிவிட்டால், தரையை இன்னும் இறுக்குங்கள், பந்து ஓடிப்போய் விழும் இடங்களில் பங்கரை வையுங்கள்.

*கிரீனின் முன்னே பந்தை உருட்டிவிட முடியவில்லை என்றால்:* கிரீனைச் சுற்றி ரஃப் எனப்படும் உயரமான புல்லால் வளையம் போட்டிருக்கிறீர்கள். முன்பக்கத்தையாவது ஃபேர்வே புல்லாக மாற்றுங்கள். காற்றுக்குக் கீழே தாழ்வாக அடித்து, உருட்டி ஏற்றுவதே அங்கே ஆட்டம்.

*பந்து கிரீனில் நிற்காமல் வழிந்து ஓடினால்:* முதலில் வேகத்தைக் குறையுங்கள். தொலைக்காட்சியில் அமெரிக்கப் போட்டிகளைப் பார்த்துப் பழகியவர்கள் கிரீனின் வேகத்தைப் பந்து உருளும் தூரத்தால் காட்டும் ஸ்டிம்ப்மீட்டர் அளவை 12, 13 அடி என்று வைத்துவிடுகிறார்கள். ஓப்பன் போட்டியில் சுமார் 10 அடி அளவே வழக்கம், காரணம் காற்று. 2015-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நின்றிருந்த பந்துகளையே காற்று நகர்த்தியதால் சனிக்கிழமை ஆட்டத்தைப் பல மணி நேரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. வேகத்தைக் குறைத்தும் நிற்கவில்லையென்றால், கொடி வைக்கும் இடங்களின் சரிவை அளந்து பாருங்கள். 3 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது என் வழக்கம். கிரீனின் மற்ற பகுதிகள் எவ்வளவு வேண்டுமானாலும் நெளியலாம்.

*பந்து நடுங்கி நடுங்கி உருண்டால்:* லைடார் தரவில் சில சென்டிமீட்டர் பிழை இயல்பு. ஃபேர்வேயில் அது தெரியாது; கிரீனில் பந்தை ஆட்டிவைக்கும். கிரீனை மட்டும் மிக மென்மையான வலுவில் சமப்படுத்துங்கள், ஒவ்வொரு முறையும் பந்தை உருட்டிப் பார்த்தபடி. இரண்டு குழிகள் பங்கிடும் பெரிய கிரீன்களில் இது நீண்ட வேலை. பழைய திடலில் அத்தகைய இரட்டைக் கிரீன்கள் ஏழு உண்டு. சேரும் குழிகளின் எண்களைக் கூட்டினால் 18 வரும். 2-உம் 16-உம், 3-உம் 15-உம் என்று. பெயர்ப்பலகை வைக்கும்போது இந்தக் கூட்டுத்தொகையைச் சரிபார்த்தால் இடம் மாறிய குழி உடனே அகப்பட்டுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஓட்டம் சரியென்று மனம் ஒப்பவில்லையென்றால், லிங்க்ஸ் திடலில் ஒருமுறையாவது ஆடியவரை அழைத்து அவர் கையில் கட்டுப்பாட்டைக் கொடுங்கள். அவர் எந்த அடியை அடிக்க நினைத்து முடியாமல் போகிறது என்பதைப் பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 7: காற்று வீசுகிறது, ஆனால் ஆட்டம் மாறவில்லை

*ஒவ்வொரு குழியிலும் காற்று வேறு திசையில் வந்தால்:* விளையாட்டின் அமைப்பில் திசை தற்செயலாக மாறுமாறு விடப்பட்டிருக்கிறது. கடலோரக் காற்று ஒரு சுற்று முழுவதும் ஏறத்தாழ ஒரே பக்கத்திலிருந்தே வரும். திசையை நிலைநிறுத்துங்கள். நீங்கள் அறிகுறி 4-இல் மேட்டைக் குவித்த காற்றும் இதுவும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

*திசை நிலையாக இருந்தும் எல்லாக் குழியும் ஒன்றுபோல் ஆடினால்:* குழிகள் அமைந்த வழித்தடத்தைத்தான் மாற்ற வேண்டும். செலவு மிகுந்த திருத்தம் இது. எனவே முன்கூட்டியே ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் திடலில் முதல் பாதி கடற்கரையோடு வெளியே போகிறது, இரண்டாம் பாதி திரும்பி வருகிறது. போகும்போது பெரும்பாலும் முதுகில் தள்ளும் காற்று, வரும்போது முகத்தில் அறைகிறது. அதே நாட்டின் மியூர்ஃபீல்ட் திடலில் முதல் ஒன்பது குழிகள் கடிகாரம் சுற்றும் திசையில் வெளி வளையமாகவும், அடுத்த ஒன்பது எதிர்த் திசையில் உள் வளையமாகவும் செல்வதால், காற்று அடிக்கொருதரம் வேறு தோளில் விழுகிறது. இரண்டில் எதையாவது உறுதியாகத் தேர்ந்தெடுங்கள். இடத்துக்கேற்ப அங்குமிங்கும் திரும்பும் வழித்தடத்தில் காற்று வெறும் எண்ணாகத் திரையின் மூலையில் நிற்கும்.

அறிகுறி 8: தரை சரி, ஆட்டம் சரி, ஆனாலும் பார்க்க நம் ஊர்த் திடல்போல இருக்கிறது

இப்போது நிறத்துக்கு வரலாம். இதுவரை வந்தவர்களுக்கு இந்தப் பகுதி எளிது.

மரங்களை முதலில் நீக்குங்கள். கடற்கரை என்றதும் சவுக்கு மரம் வைக்கும் பழக்கம் பத்து பிராங்கி பார்த்து வளர்ந்த நம் கையில் ஊறியிருக்கிறது. பழைய திடலின் ஆட்டப் பரப்பில் மரமே இல்லை என்று சொல்லிவிடலாம். அடுத்து, ஃபேர்வேயில் இரண்டு பச்சைக் கோடுகளாக வெட்டிய தடம் இருந்தால் அழித்துவிட்டு, வைக்கோல் நிறமும் சாம்பல் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்த டெக்ஸ்சரை வையுங்கள். மேட்டின் தலை வெளுத்தும், தாழ்வு பசுமையாகவும் இருக்க வேண்டும். ஈரம் தங்கும் இடம் எது என்று தரை ஏற்கெனவே சொல்லிவிட்டது.

செடிகளில் வரும் பிழை பருவத்தைச் சார்ந்தது. கோர்ஸ் புதர் மஞ்சளாகப் பூத்துக் குலுங்குவது பொதுவாக வசந்தத்தில். ஹெதர் ஊதா நிறமாவது கோடையின் இறுதியில். இரண்டையும் ஒன்றாகப் பூக்கவிட்டு, தரையையும் காயவைத்தால் எந்த மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மாரம் புல் கடலை நோக்கிய மேட்டில்தான் அடர்ந்து நிற்கும். உள்நாட்டுப் பக்கம் போகப் போகக் குறையட்டும்.

அறிகுறி 9: திரை திணறுகிறது

உயரமான புல்லை வரையும் தூரத்தைக் குறைத்துப் பாருங்கள். 150 மீட்டருக்கு அப்பால் தனித்தனிப் புல்லிதழ் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே தரையின் டெக்ஸ்சரே புல்லின் நிறத்தைத் தாங்கிக்கொள்ளும். போதவில்லையென்றால் அடர்த்தியைக் குறையுங்கள், பிறகு பங்கர்ச் சுவரின் மெஷ்ஷுக்குத் தொலைவில் பயன்படும் எளிய வடிவம் ஒன்றைச் சேருங்கள்.

திணறல் முதல் சில நிமிடங்கள் இல்லாமல் பிறகு தொடங்கினால், திடலைத் திருத்துவதை நிறுத்துங்கள். அது வெப்பம். குளிரூட்டி இல்லாத அறையில், பினாங்கின் பிற்பகலில், மெத்தையின் மேல் வைத்த மடிக்கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மேசையில் உயர்த்தி வைத்து, காற்றாடியைத் திருப்பிவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். அப்போதும் அதே நேரத்தில் திணறினால், உள்விசிறியில் தூசி அடைந்திருக்கும் அல்லது செயலியின் மேல் பூசிய வெப்பப்பசை காய்ந்திருக்கும். உத்தரவாதக் காலத்தில் உள்ள கணினியை நீங்களே திறக்காமல், கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுத்துக்கொண்டு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.